டி'குரூஸின் மேற்கோள்குறி

நான் முதன்முதலாக எழுதிய நிர்வாக மென்பொருள் ஒரு சிறிய நூலகத்துக்கானது. உறுப்பினரைச் சேர்க்கலாம், தேடலாம், புத்தகம் கொடுத்த தேதியைக் குறிக்கலாம், அவ்வளவுதான். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் நூலகர் தொலைபேசியில் அழைத்தார். "ஒரே ஒருவர் பெயரை மட்டும் சேர்க்க முடியவில்லை, தம்பி. சேமி என்பதை அழுத்தினால் திரை முழுக்க ஆங்கிலத்தில் ஏதேதோ வருகிறது." அந்த உறுப்பினர் தூத்துக்குடிக்காரர். பெயரின் பின்பாதி டி'குரூஸ்.

"நடுவில் இருக்கும் அந்தக் குறியை விட்டுவிட்டு எழுதுங்கள், ஐயா" என்று சொல்லிவிட்டேன். பெயர் சேர்ந்துவிட்டது. அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. கூரை ஒழுகும் இடத்தில் சட்டியை வைத்துவிட்டுத் தூங்கப் போன கதைதான் அது. டி'குரூஸ் என்ற பெயர் என் மென்பொருளில் இருந்த ஒரு பெரிய ஓட்டையைச் சுட்டிக்காட்டியிருந்தது. எனக்கு அது புரிய மேலும் ஓராண்டு ஆயிற்று. அந்த ஓட்டைக்குப் பெயர் எஸ்.கியூ.எல். இன்ஜெக்‌ஷன். தமிழில் உட்செலுத்தல் என்கிறார்கள்.

நிர்வாகத் திரையில் நாம் ஒரு பெயரைத் தேடும்போது உள்ளே என்ன நடக்கிறது? தரவுகள் எல்லாம் தரவுத்தளம் என்ற தனி மென்பொருளிடம் அட்டவணைகளாக இருக்கின்றன. அதற்கு எஸ்.கியூ.எல். என்ற மொழி மட்டும்தான் தெரியும். ஆகவே நாம் பெட்டியில் தட்டச்சு செய்ததை வைத்து, நம் மென்பொருள் அந்த மொழியில் ஒரு வாக்கியம் அமைத்து அனுப்புகிறது. எஸ்.கியூ.எல்.லின் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கும்; இங்கே தமிழாக்கி எழுதுகிறேன்:

எடு: உறுப்பினர்கள் அட்டவணை; நிபந்தனை: பெயர் = 'குமரன்'

குமரன் என்பதன் இருபுறமும் உள்ள ஒற்றை மேற்கோள்குறிகளைக் கவனியுங்கள். பெயர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தரவுத்தளத்துக்குச் சொல்பவை அவை மட்டுமே. நான் எழுதிய நிரலோ, வாக்கியத்தின் முன்பாதி, பயனர் தட்டச்சு செய்தது, பின்பாதி என்று மூன்றையும் ஒட்டி அனுப்பியது. குமரன், பாத்திமா, செல்வி என்று வரும்வரை சிக்கல் இல்லை. டி'குரூஸ் வந்ததும் வாக்கியம் இப்படி ஆகிவிட்டது:

நிபந்தனை: பெயர் = 'டி'குரூஸ்'

தரவுத்தளத்தைப் பொறுத்தவரை பெயர் 'டி' என்பதோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் குரூஸ் என்பது ஒரு கட்டளை. அப்படி ஒரு கட்டளை அதற்குத் தெரியாததால் திட்டித் தீர்த்தது. பெயரைச் சேமிக்கும் வாக்கியத்திலும் இதேதான் நடந்தது. நூலகர் பார்த்த ஆங்கிலம் அதுதான்.

பள்ளி இலக்கண வகுப்பில் பொதுமொழி என்று ஒன்று படித்திருப்போம். வேங்கை என்றால் வேங்கைப் புலி. வேம் கை என்று பிரித்தால் வேகின்ற கை. தாமரை என்றால் பூ. தா மரை என்று பிரித்தால் தாவுகின்ற மான். எழுத்து ஒன்றுதான், பிரிக்கும் இடம் மாறினால் பொருள் மாறிவிடும். உட்செலுத்தலும் ஏறக்குறைய அதே வித்தைதான். நிரலர் ஓர் இடத்தில் பிரித்துப் படிக்கிறார். தரவுத்தளம் வேறோர் இடத்தில் பிரித்துப் படிக்கிறது. அந்தப் பிரிப்பை யார் தீர்மானிக்கிறார் என்பதில்தான் ஆபத்து. டி'குரூஸ் அறியாமல் தீர்மானித்தார். அறிந்து தீர்மானிப்பவர் குரூஸ் என்பதற்குப் பதிலாகத் தரவுத்தளத்துக்கு நன்றாகப் புரியும் கட்டளை ஒன்றை எழுதுவார்.

உள்நுழைவுத் திரையை எடுத்துக்கொள்வோம். அதன் பின்னால் இருக்கும் வாக்கியம்:

எடு: பயனர்கள் அட்டவணை; நிபந்தனை: பெயர் = '…' மற்றும் கடவுச்சொல் = '…'

அட்டவணையில் பொருந்தும் வரிசை ஏதேனும் கிடைத்தால் உள்ளே விடு, கிடைக்காவிட்டால் விடாதே என்பது ஏற்பாடு. இப்போது ஒருவர் பெயர்ப் பெட்டி, கடவுச்சொல் பெட்டி இரண்டிலுமே ' அல்லது '1'='1 என்று தட்டச்சு செய்கிறார். ஒட்டிப் பார்த்தால்:

நிபந்தனை: பெயர் = '' அல்லது '1'='1' மற்றும் கடவுச்சொல் = '' அல்லது '1'='1'

ஒன்றும் ஒன்றும் சமமா? எப்போதும் சமம். "அல்லது" என்று வந்துவிட்டதால் மற்ற நிபந்தனைகள் பொய்யானாலும் பரவாயில்லை. எல்லா வரிசைகளும் பொருந்திவிடும். எதற்காக இரண்டு பெட்டிகளிலும் என்று கேட்கலாம். எஸ்.கியூ.எல்.லில் "மற்றும்" என்பதற்குப் பிடிப்பு அதிகம். பக்கத்தில் இருப்பதை முதலில் அதுதான் இழுத்துக்கொள்ளும். முதல் பெட்டியில் மட்டும் எழுதினால் '1'='1' என்பது கடவுச்சொல்லோடு பிணைந்து வீணாகிவிடும். பொருந்திய வரிசைகளில் பெரும்பாலான மென்பொருள்கள் முதல் வரிசையை எடுத்துக்கொள்ளும். மென்பொருளை நிறுவும்போது முதலில் உருவாக்கும் கணக்கு யாருடையது? நிர்வாகியுடையது. ஆக, யார் பெயரும் தெரியாமல், எந்தக் கடவுச்சொல்லும் தெரியாமல், நேராகத் தலைமை நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடலாம்.

இதெல்லாம் பழங்காலத்துப் பாடம் என்று சிலர் சொல்வார்கள். பழையதுதான். ஜெஃப் ஃபாரிஸ்டல் என்பவர் 1998 டிசம்பரில் ஃப்ராக் என்ற இணைய இதழில் இதைப் பொதுவில் விளக்கி எழுதினார். ஆனால் 2024-இல் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

அங்கே விமானிகளும் பணிப்பெண்களும் விமான நிலையச் சோதனை வரிசையில் நிற்காமல் தனி வழியில் செல்ல ஒரு திட்டம் இருந்தது. விமானி அறையில் உள்ள கூடுதல் இருக்கையில் வேறு நிறுவன விமானி அமர்ந்து பயணிக்கலாமா என்று சரிபார்க்க இன்னொரு முறையும் உண்டு. இரண்டுக்கும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: இவர் உண்மையிலேயே அந்த நிறுவனத்தில் வேலை செய்கிறாரா? பெரிய நிறுவனங்கள் இதற்குச் சொந்த அமைப்பு வைத்திருந்தன. சிறிய நிறுவனங்கள் ஃபிளைகாஸ் என்ற இணையவழி நிர்வாக மென்பொருளைப் பயன்படுத்தின. இயன் கரோல், சாம் கர்ரி என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதன் உள்நுழைவுப் பக்கத்தில், பயனர்பெயர்ப் பெட்டியில் ஓர் ஒற்றை மேற்கோள்குறியைத் தட்டினார்கள். உடனே தரவுத்தளத்தின் பிழைச்செய்தி வந்தது. நூலகருக்கு வந்த அதே வகைச் செய்தி.

அடுத்து அவர்கள் எழுதியது, மேலே நாம் பார்த்த அதே வரிதான். கடவுச்சொல் பெட்டியில் மட்டும் ஒரு சிறிய மாற்றம். அங்கே கடவுச்சொல்லை, அதை உருமாற்றும் எம்.டி.5 என்ற கணக்கீட்டின் அடைப்புக்குறிக்குள் வைத்து ஒப்பிடுவதாகத் தெரிந்ததால், மேற்கோள்குறியோடு அடைப்புக்குறியையும் மூடிவிட்டு "அல்லது" போட்டார்கள். ஒரு விமான நிறுவனத்தின் நிர்வாகியாக உள்ளே போய்விட்டார்கள். ஊழியர் பட்டியலில் புதிதாக ஒருவரைச் சேர்க்க அதற்குமேல் எந்தச் சரிபார்ப்பும் இல்லை. சோதனைக்காக ஒரு போலிப் பெயரைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த ஆள் அனுமதிக்கப்பட்டவராக மாறிவிட்டார். ஏப்ரல் மாதம் அரசுக்குத் தெரிவித்தார்கள், ஃபிளைகாஸ் அந்த இரு முறைகளிலிருந்தும் துண்டிக்கப்பட்டது, ஆகஸ்டில் விவரத்தை வெளியிட்டார்கள். விமான நிலையப் பாதுகாப்பு நிறுவனமோ, அந்தத் தரவுத்தளத்தை மட்டும் நம்பி யாரையும் விடுவதில்லை என்று பதில் சொன்னது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், இரண்டு பெட்டிகளில் எழுதிய இரண்டு வரிகள் ஒருவரை விமான ஊழியராக்கின என்பது மாறப்போவதில்லை.

இந்த ஓட்டை எந்த இணையதளத்திலும் வரலாம். பிறகு நிர்வாக மென்பொருளை மட்டும் ஏன் பிரித்துப் பேசுகிறேன்? முதலாவது, சாவிக்கொத்தின் அளவு. பொதுமக்கள் பார்க்கும் பக்கத்துக்குப் படிக்கும் உரிமை இருந்தால் போதும். நிர்வாகப் பலகம் எழுத வேண்டும், அழிக்க வேண்டும், புதிய கணக்கு உருவாக்க வேண்டும். அதனால் பெரும்பாலும் முழு அதிகாரம் உள்ள கணக்கோடு தரவுத்தளத்தை அணுகும். ஓட்டை வழியாக வருபவருக்கும் அந்த முழுக் கொத்தும் கிடைக்கும்.

இரண்டாவது, மனநிலை. "இதை நம் ஆட்கள்தானே பயன்படுத்தப் போகிறார்கள்" என்ற எண்ணத்தோடுதான் நிர்வாகப் பலகங்கள் எழுதப்படுகின்றன. நானும் அப்படித்தான் எழுதினேன். முன்வாசலுக்கு இரட்டைப் பூட்டும் கொல்லைப்புறத்துக்குப் படலும் வைத்த கதை. நம் ஆட்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். அவர்கள் கையாளும் தரவு எங்கிருந்து வருகிறது என்பதை யோசிக்க வேண்டாமா?

இதற்குப் பி.எச்.பி.மைஅட்மினை விடச் சரியான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1998 முதல் இருக்கும் இலவச மென்பொருள் அது. மை.எஸ்.கியூ.எல். தரவுத்தளத்தை உலாவி வழியாக நிர்வகிக்க உதவுகிறது. வாடகைச் சர்வரில் இணையதளம் நடத்திய எவரும் அதன் முகத்தைப் பார்த்திருப்பார்கள். எஸ்.கியூ.எல். எழுதுவதையே தொழிலாகக் கொண்ட அந்த மென்பொருளில், 2020-இல் மட்டும் ஜனவரி, மார்ச், அக்டோபர் என்று மூன்று முறை உட்செலுத்தல் ஓட்டைகள் அடைக்கப்பட்டன.

மார்ச் மாத ஓட்டைகளில் ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. சர்வரில் ஏற்கெனவே நுழைவுரிமை உள்ள ஒரு தீயவர், தந்திரமாக அமைத்த பெயரோடு ஒரு பயனர் கணக்கை உருவாக்கி வைக்கிறார். அந்தப் பெயரே ஒரு கட்டளைத் துண்டு. உருவாக்கிய நேரத்தில் எதுவும் நடக்காது. பெயர் பத்திரமாகச் சேமிக்கப்படும். பிறகு ஒரு நாள் உண்மையான நிர்வாகி அந்தக் கணக்கின் உரிமைகளைத் திருத்தப் போகிறார். மென்பொருள் சேமித்த பெயரை எடுத்து இன்னொரு வாக்கியத்தில் ஒட்டுகிறது. அப்போதுதான் அது உயிர்பெறுகிறது, அதுவும் நிர்வாகியின் அதிகாரத்தோடு. இதை இரண்டாம் நிலை உட்செலுத்தல் என்பார்கள். வெளியிலிருந்து வருவதை வாசலில் சோதிப்போம், வீட்டுக்குள் இருப்பதைச் சோதிக்க வேண்டியதில்லை என்று நினைத்தவர்களுக்கான பாடம் இது. தரவுத்தளத்திலிருந்து எடுத்த பெயரும் யாரோ ஒருவர் எழுதியதுதான்.

இன்னொரு நிகழ்வு 2020 ஏப்ரலில். சோபோஸ் நிறுவனத்தின் எக்ஸ்.ஜி. என்ற ஃபயர்வால் (வலையமைப்புக் காவல்) கருவியின் நிர்வாகத் திரையில், ஒரு புலத்தில் இருக்கக் கூடாத மதிப்பு ஒன்று தெரிவதாக நிறுவனத்துக்குத் தகவல் வந்தது. தேடிப் பார்த்தால், உள்நுழையாமலே பயன்படுத்தக்கூடிய உட்செலுத்தல் ஓட்டை வழியாக யாரோ அட்டவணையில் ஒரு கட்டளையைச் செருகியிருந்தார்கள். அந்தக் கட்டளை வெளியிலிருந்து நிரல்களை இறக்கி, கருவியில் இருந்த பயனர்பெயர்களையும் மறையாக்கப்பட்ட கடவுச்சொற்களையும் திருட முயன்றது. உலகெங்கும் 80,000க்கு மேற்பட்ட கருவிகள் இதில் சிக்கியதாகப் பின்னர் அமெரிக்க அரசு சொன்னது. பாதிக்கப்பட்டவை எல்லாம் நிர்வாகத் திரையையோ பயனர் வாயிலையோ இணையத்தை நோக்கித் திறந்து வைத்திருந்தவை. காவலுக்கு வைத்த கருவியின் வழியாகவே திருடன் வந்தான்.

திரையில் பிழைச்செய்தியைக் காட்டாமல் மறைத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. எதுவும் தெரியாவிட்டாலும் தரவுத்தளத்திடம் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போகலாம். "நிர்வாகி கடவுச்சொல்லின் முதல் எழுத்து ம என்றால் 5 விநாடி காத்திரு." பக்கம் தாமதமாக வந்தால் ஆம், உடனே வந்தால் இல்லை. மனிதருக்கு அலுத்துப்போகும், இதற்கென்றே உள்ள கருவிகளுக்கு அலுக்காது.

சரி, தீர்வுக்கு வருவோம். நெடுங்காலம் சொல்லித் தந்த தீர்வு, வரும் தரவில் உள்ள மேற்கோள்குறிகளுக்கு முன்னால் ஒரு சாய்கோட்டைப் போட்டு அவற்றைச் செயலிழக்கச் செய்வது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நூறு இடங்களில் செய்துவிட்டு ஓரிடத்தில் மறந்தால் போதும். தவிர, எண் வரும் இடத்தில் மேற்கோள்குறியே இருக்காது, அங்கே இந்த வித்தையால் பயனும் இல்லை. பி.எச்.பி. மொழியில் இதற்கு இருந்த பழைய மை.எஸ்.கியூ.எல். செயற்கூறுகள் பதிப்பு 7 வந்தபோதே நீக்கப்பட்டுவிட்டன. இன்னமும் அவற்றை வைத்துப் பாடம் எடுக்கும் பக்கங்கள் இணையத்தில் கிடக்கின்றன. தொடக்க நிலை மாணவர்கள் முதலில் போய் விழுவதும் அங்கேதான்.

நல்ல தீர்வு ஒட்டுவதையே நிறுத்துவது. வங்கிச் சலானை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத்தாளில் நாமே எழுதிக் கொடுத்தால், எது பெயர், எது கோரிக்கை என்று படிப்பவர்தான் பிரித்தறிய வேண்டும். அச்சடித்த சலானில் அந்தச் சிக்கல் இல்லை. பெயர் என்ற கட்டத்துக்குள் "எல்லாப் பணத்தையும் எனக்குக் கொடு" என்று எழுதினாலும், இப்படியும் ஒரு பெயரா என்று காசாளர் வியப்பாரே தவிரப் பணத்தை எடுத்து நீட்ட மாட்டார். எஸ்.கியூ.எல்.லில் இதற்குப் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் என்று பெயர். மதிப்பு வர வேண்டிய இடங்களில் கேள்விக்குறி போட்டு வாக்கியத்தை மட்டும் முதலில் அனுப்புகிறோம்:

எடு: உறுப்பினர்கள் அட்டவணை; நிபந்தனை: பெயர் = ?

தரவுத்தளம் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் படித்து முடித்துவிடுகிறது. அதன் பிறகே மதிப்பு தனியாகப் போகிறது. பிரிக்கும் வேலை முடிந்தபின் வருவதால், அதற்குள் எத்தனை மேற்கோள்குறி இருந்தாலும் வாக்கியம் இனி மாறாது. டி'குரூஸ் டி'குரூஸாகவே இருப்பார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நிர்வாகத் திரைகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அட்டவணையின் தலைப்பைத் தட்டினால் அந்த நெடுவரிசைப்படி அடுக்கித் தரும். எந்தப் புலத்தில் தேடுவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். அந்த நெடுவரிசைப் பெயரும் உலாவியிலிருந்துதான் வருகிறது. கேள்விக்குறியோ மதிப்புகளுக்கு மட்டுமே. நெடுவரிசைப் பெயர், அட்டவணைப் பெயர் ஆகியவற்றை அதன் வழியே அனுப்ப முடியாது. ஆகவே மற்ற எல்லா இடங்களிலும் ஒழுங்காக எழுதிய நிரலர்கூட இங்கே பழைய பழக்கத்துக்குத் திரும்பி ஒட்டிவிடுகிறார். பி.எச்.பி.மைஅட்மின் போன்ற கருவியில் எந்த அட்டவணை, எந்த நெடுவரிசை என்பதே பயனர் சொல்வதுதான் என்பதால் அங்கே இந்த வேலை இன்னும் கடினம். நம் சிறிய பலகத்தில் வழி எளிது: பெயர், தேதி, ஊர் என்று அனுமதித்த நெடுவரிசைகளின் பட்டியலை நிரலிலேயே எழுதி வைத்து, வந்தது அதில் இல்லையென்றால் மறுத்துவிட வேண்டும்.

பாதுகாப்பு அடுக்கை எழுதியவர்களே தடுக்கியதும் உண்டு. துருபல் 7 என்ற தள மேலாண்மை மென்பொருளில் உட்செலுத்தலைத் தடுப்பதற்கென்றே ஓர் அடுக்கு இருந்தது. மதிப்புகளின் பட்டியல் ஒன்று வந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் அமைத்து, பட்டியலின் வரிசை எண்ணை ஒட்டி அந்தக் கட்டத்துக்குப் பெயர் வைக்கும். மதிப்புகளைக் கவனமாகப் பாதுகாத்தார்கள். வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் அனுப்புபவர் ஒரு வாக்கியத்தையே எழுதி அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. 2014 அக்டோபர் 15 அன்று திருத்தம் வெளியானது. மாற்றம் ஒரே ஒரு வரியில்தான். அறிவித்த சில மணி நேரத்திலேயே தானியங்கித் தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. 7 மணி நேரத்துக்குள் திருத்தத்தை நிறுவாத ஒவ்வொரு தளத்தையும் கைப்பற்றப்பட்டதாகவே கருதுங்கள் என்று இரண்டு வாரம் கழித்துத் துருபல் குழுவே எச்சரித்தது. "ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக அப்டேட் செய்துகொள்ளலாம்" என்பவர்களிடம் நான் இந்த 7 மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

மற்றவை சுருக்கமாக. தரவுத்தளக் கணக்குக்குத் தேவைக்கு மேல் உரிமை கொடுக்காதீர்கள். அறிக்கை மட்டும் காட்டும் திரைக்கு அட்டவணையை அழிக்கும் அதிகாரம் எதற்கு? நிர்வாகப் பலகத்தை முழு இணையத்துக்கும் திறந்து வைக்காமல் அலுவலக வலைக்குள்ளோ வி.பி.என். என்ற பாதுகாப்பான தனிவழி வழியாகவோ மட்டும் கிடைக்கச் செய்யுங்கள். சோபோஸ் நிகழ்வில் திறந்து வைக்காதவர்கள் தப்பித்தார்கள்.

உங்கள் பலகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க விரும்பினால், உங்கள் சொந்தக் கணினியில், அதன் நகல் ஒன்றில் பாருங்கள். அடுத்தவர் தளத்தில் அனுமதியில்லாமல் இதைச் செய்வது இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66ஆம் பிரிவில் வரக்கூடும். 3 ஆண்டுவரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்பதை அங்கே போய் விளக்க வேண்டியிருக்கும்.

நகலில் ஒவ்வொரு பெட்டியிலும் டி'குரூஸ் என்று எழுதிச் சேமியுங்கள், தேடுங்கள், திருத்துங்கள், அந்தப் பெயரோடு ஓர் அறிக்கை எடுங்கள். சேமிக்கும்போது அமைதியாக இருந்து, மாதாந்திர அறிக்கை எடுக்கும்போது பிழை வந்தால், பி.எச்.பி.மைஅட்மினின் மார்ச் மாதக் கதை உங்கள் வீட்டிலும் இருக்கிறது என்று பொருள். எங்குமே பிழை வராவிட்டால், நெடுவரிசைத் தலைப்பைத் தட்டும்போது முகவரிப் பட்டையில் என்ன வருகிறது என்று பாருங்கள். என் நூலக மென்பொருளை நான் திருத்தி எழுதியபோது கடைசியாக அகப்பட்ட ஓட்டை அங்கேதான் இருந்தது. அதை அடைத்த அன்று நூலகரை அழைத்து, அந்த உறுப்பினரின் பெயரில் நாங்கள் விட்டுவிட்ட குறியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன்.